மூன்று மாதம் கடிவாளம் பிடிக்கத் தடை

ஜனவரி 18, ஞாயிறு

வேலாம்புதூர் பந்தயம். நடுக்குதிரைப் பிரிவு, போக நான்கு, வர நான்கு, மொத்தம் எட்டு கிலோமீட்டர். பதினோரு வண்டிகள். காலை ஏழே காலுக்குக் கொடி இறங்கியது. புறப்படும்போது ஐந்தாவது, எல்கையில் திரும்பும்போது மூன்றாவது, முடிவில் இரண்டாவது.

திரும்பி வருகையில், இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, தொட்டியம் குணசீலன் வண்டி கவிழ்ந்தது. அவன் எனக்கு வலப்பக்கம், அரை வண்டி முன்னால். அவன் குதிரை இடப்பக்கம் தலையைத் திருப்பி என் பாதையில் வந்தது. அவன் சக்கரம் என் சக்கரத்தில் ஏறியது. அவன் விழுந்தான். நான் விழவில்லை.

என் வண்டியில் வலது சக்கரத்தில் மூன்று கம்பிகள் வளைவு. குதிரைக்கு முன்னங்கால்களில் சூடு இல்லை. பின் இடது லாடம் ஆடுகிறது. கொள்ளு முழுவதும் தின்றது.

ஜனவரி 19, திங்கள்

லாடம் அடித்தாயிற்று. என் மோட்டார் ரிப்பேர் கடைக்கு மூன்று குதிரைசக்தி மோட்டார் ஒன்று வந்தது; உள்ளே செம்புக்கம்பிக் காயில் கருகி நாற்றம். வந்தவர்கள் எல்லோரும் மோட்டாரை விட்டுவிட்டுப் பந்தயத்தைப் பற்றியே கேட்டார்கள். குணசீலனுக்கு வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவாம்.

ஜனவரி 21, புதன்

சங்கத்திலிருந்து கடிதம். "தாங்கள் 18.01 அன்று நடைபெற்ற போட்டியில் பக்கத்து வண்டிக்கு இடம் விடாமல் கவனக்குறைவாக ஓட்டிய வகையில் தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கு..." வாக்கியம் முடிவதற்குள் பக்கம் முடிந்துவிட்டது. என் பெயரில் ஒரு எழுத்தைக் காணோம். கவனக்குறைவைப் பற்றிக் கடிதம் எழுதுகிறவர்கள்.

பதினாறு வருடமாக எழுதும் இந்த நோட்டு குதிரைக்கானது. தீனி, லாடம், ஓடிய தூரம், காலின் சூடு. மனிதர்களைப் பற்றி இதில் எழுதுவதில்லை. அவர்கள் அதற்கு லாயக்கில்லை. இனி எழுத வேண்டியிருக்கிறது. சங்கத்தின் மினிட் புத்தகத்தை ஆரோக்கியம் எழுதுகிறார். அவர் எழுதியது மட்டுமே மிஞ்சினால், நடந்தது இன்னதென்று யாருக்கும் தெரியாது.

ஜனவரி 25, ஞாயிறு

தலைவர் செங்கோடனின் அரிசி மில்லில் விசாரணை. செங்கோடன் பிறந்ததிலிருந்து கடிவாளம் பிடித்ததில்லை. ஒருமுறை குதிரையோடு போட்டோ எடுத்துக்கொள்ளப் போய் அது தும்மியதும் பின்வாங்கி தவிட்டு மூட்டை மேல் விழுந்தவர். செயலாளர் ஆரோக்கியம் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். விசிலைக் கழுத்திலிருந்து எடுத்தாரே தவிர வாயிலிருந்து எடுக்கவில்லை. துணைத் தலைவர் என்று ஒருவர் உண்டு. டீ வந்தபோது மட்டும் விழித்தார்.

குணசீலன் கையை மாவுக்கட்டுடன் தொங்கவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான். முப்பது வயதுதான் இருக்கும். சின்ன லோடு வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன்.

"வையாபுரி, உங்க மேல தனிப்பட்ட முறையில எங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்று ஆரம்பித்தார் செங்கோடன்.

"இருந்தா இப்பவே சொல்லிருங்க. நேரம் மிச்சம்."

"அவர் வண்டி உங்க பக்கம் வந்தப்ப நீங்க என்ன செஞ்சீங்க?" இது ஆரோக்கியம்.

"நேரா ஓட்டினேன். அதுக்குத்தான் வந்தேன்."

"இழுத்துப் பிடிக்கலையே."

"மாஸ்டர், நீங்க ரோட்டுல நடந்து போறீங்க. எதுக்க வர்றவன் வந்து உங்க மேல விழுறான். நீங்க கவனக்குறைவா நடந்தீங்கன்னு எழுதலாமா?"

செங்கோடன் சிரித்துவிட்டார். பிறகு தான் தலைவர் என்பது நினைவுக்கு வந்து நிறுத்தினார்.

ஆரோக்கியம் குணசீலனைக் கேட்டார்: "உங்க குதிரை ஏன் தம்பி அந்தப் பக்கம் திரும்புச்சு?"

அவன் என்னைப் பார்த்தான். "அது எதையோ கேட்டுச்சு சார்."

"மிரண்டது" என்று ஆரோக்கியம் எழுதினார். எனக்கு எதிரே உட்கார்ந்து எழுதியதால் தலைகீழாகப் படிக்க முடிந்தது. மிரண்ட குதிரை விலகி ஓடும், பக்கத்தில் வராது. இதுகூடத் தெரியாதவர் செயலாளர்.

முடிவு: மூன்று மாதம் கடிவாளம் பிடிக்கத் தடை. காரணம், கவனக்குறைவு. இரண்டாம் பரிசுக் கோப்பை மூன்றாவதாக வந்தவனுக்கு. சங்கத்தின் வழக்கப்படி சாட்டையை ஒப்படைக்க வேண்டும். தடை முடியும்வரை அது மில்லின் சுவரில் பெயர்ச் சீட்டோடு தொங்கும். ஏற்கெனவே அங்கே இரண்டு. ஒன்று குடித்துவிட்டு ஓட்டியவனுடையது. இன்னொன்றின் நுனியில் ஆணி வைத்திருந்தான் ஒருவன். நடுவில் என்னுடையது.

வீட்டுக்கு வந்து குதிரையை இரண்டு கிலோமீட்டர் கையில் பிடித்து நடத்தினேன். வண்டியில் பூட்டத்தான் தடை.

ஜனவரி 27, செவ்வாய்

அந்தப் பந்தயத்தின் வீடியோ எல்லார் போனிலும் ஓடுகிறது. பைக்கில் பக்கவாட்டிலேயே வந்து எடுத்திருக்கிறான் ஒருவன். எடுத்தவன் சும்மா இருந்திருக்கலாம். சினிமாப் பாட்டை மேலே போட்டிருக்கிறான். குளம்புச் சத்தமும் இல்லை, சக்கரச் சத்தமும் இல்லை, ஓட்டுகிறவன் சத்தமும் இல்லை. மத்தளம்தான் கேட்கிறது. கவிழும் இடத்தில் மட்டும் மூன்று முறை மெதுவாகக் காட்டுகிறான். எல்லோரும் சக்கரத்தையே பார்க்கிறார்கள்.

கோமதி போனைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். "இதுல உங்க வாய் என்னமோ பண்ணுதே" என்றாள்.

"குதிரைக்குச் சத்தம் குடுக்கிறேன்."

"ம்" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மனைவிகளுக்குப் பந்தயம் புரியாது.

புல் இரண்டு கட்டு. மழை வருமாப்போல இருக்கிறது.

பிப்ரவரி 1, ஞாயிறு

கோட்டைமேடு பந்தயம். ஓட்டத்தான் கூடாது, பார்க்கக் கூடாது என்று விதி இல்லை. போனேன்.

மைக்கில் மணிமாறன். அவனுக்கு மூச்சு வாங்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். கொடி இறங்குவதற்கு முன்னால், தடையில் இருப்பவர்களின் பெயரை வாசிப்பது வழக்கம். நான் ஓட்டிய இருபத்திரண்டு வருடமும் அந்தப் பட்டியலைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

"அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே! இன்றைய தினம் கடிவாளத்தைத் தொடக்கூடாதவர்கள் மூணு பேரு! குடிச்சிட்டு ஓட்டுன குற்றத்துக்காக வாத்தலை சின்னையன்! ஆணிச் சாட்டை வச்ச குற்றத்துக்காகக் காட்டுப்புத்தூர் தர்மலிங்கம்! கவனக்குறைவா ஓட்டுன குற்றத்துக்காக முசிறி மோட்டார் கடை வையாபுரி அண்ணன்! அண்ணே, ரோட்டப் பாருங்கண்ணே, கவனம்ண்ணே, கவனம்!"

ஒலிபெருக்கி பன்னிரண்டு இடத்தில் கட்டியிருந்தார்கள். நான்கு கிலோமீட்டருக்கும் கேட்டிருக்கும்.

குடிகாரனுக்கும் ஆணி வைத்தவனுக்கும் யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரித்தார்கள். குடிப்பதும் ஆணி வைப்பதும் ஒருவன் செய்கிற காரியம். கவனக்குறைவு அப்படி அல்ல. மழுங்கியவனுக்கு வருவது, வயதானவனுக்கு வருவது.

டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டும்போது, "பாத்துப் புடிங்கண்ணே, சூடு" என்றார். பக்கத்தில் நின்றவர்களுக்காகச் சொன்னது.

குணசீலனின் குதிரை அன்று ஓடவில்லை. மின்னல் என்று பெயர் வைத்திருக்கிறான். நான் குதிரைகளுக்குப் பெயர் வைப்பதில்லை. என்னிடம் இருந்த நான்கு வருடமும் அது "சின்னது"தான். இப்போது இருப்பது "புதுசு", வந்து இரண்டு வருடம் ஆகியும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

மேல்முறையீடு எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாள் கிழித்தாயிற்று.

மோட்டார் காயில் கட்டுகிறவனுக்குக் கவனம்தான் தொழில். ஒரு துளைக்கு அறுபத்தெட்டுச் சுற்று என்றால் அறுபத்தெட்டு. ஒன்று குறைந்தாலும் மோட்டார் ஆறு மாதத்தில் புகையும். என் கடையில் கட்டிய மோட்டார் ஒன்றுகூட அப்படித் திரும்பி வந்ததில்லை. இதை மனுவில் எழுதினேன். செங்கோடனுக்குப் புரியாது என்று அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

மங்களம் பகுதி ஆள் ஒருவர் போர் மோட்டாரை இறக்கிவைத்துவிட்டு, "இதையாவது கொஞ்சம் கவனமாக் கட்டுங்க" என்றார். தமாஷாம். எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். போய்விட்டார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

தொட்டியம் போய்க் குணசீலனைப் பார்த்தேன். என் மீது தவறில்லை என்று அடிபட்டவனே எழுதிக் கொடுத்தால் சங்கம் எதை வைத்துப் பேசும்? இதுதான் கணக்கு.

"வாங்கண்ணே" என்று எழுந்தான். நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டான். கட்டுப் பிரித்தாயிற்று. ஒரு ரப்பர் பந்தை வலது கையில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான், பந்து அமுங்கவில்லை. விரல்கள் பாதிவரைதான் மடங்குகின்றன. லோடு வண்டியை இப்போது அவன் மச்சான் ஓட்டுகிறான். கியர் போடப் பிடி வேண்டும்.

"கையி சரியாயிரும்" என்றேன்.

"டாக்டர் அப்படித்தான் சொல்றாரு. எப்பன்னு கேட்டா மட்டும் வேற பேசுறாரு."

வந்த காரியத்தைச் சொன்னேன். "ஒரு கடுதாசி வேணும். என் பேர்ல கவனக்குறைவு இல்லன்னு."

"இல்லதான்."

"அதையே எழுதிக் குடு."

"குடுக்கலாம்ண்ணே. கவனக்குறைவு இல்லன்னா வேற என்னன்னு கேப்பாங்க. அதையும் எழுதட்டுமா?"

நான் கொட்டகைப் பக்கம் பார்த்தேன். குதிரையின் தோளில் உரசிய காயம் ஆறிவிட்டது. குளம்பைச் சுத்தமாக வைத்திருக்கிறான். அது என்னைக் கண்டதும் கட்டிய கயிறு விறைக்கும்வரை முன்னால் வந்து நின்றது.

"பாருங்க, சீட்டி அடிக்காமயே வருது" என்றான்.

நான் நாற்காலியைக் கொட்டகைக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டேன்.

"விக்கும்போது எல்லாம் சொல்லிக் குடுத்தீங்க. எந்தக் கால்ல லாடம் தேயும், எந்தப் புல்லு ஆகாது, எல்லாம். இதச் சொல்லல. மொத வாரம் கொள்ளத் தொடவே இல்ல. உங்க வீட்டுக்குப் போன் போட்டேன். அக்காதான் சொன்னாங்க. தட்டத் தூக்கும்போது அவரு ஒரு சீட்டி அடிப்பாரு தம்பி, மேல ஏறி எறங்கும், அதக் கேட்டாத்தான் திங்கும்னு. எனக்கு அந்தச் சீட்டி வரவே இல்ல. பாத்திரத்தத் தட்டிப் பழக்குனேன்." பந்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். "அன்னைக்கு ரோட்டுல அதக் கேட்டேண்ணே. ரெண்டு வருசம் முயற்சி பண்ணி எனக்கு வராத சீட்டி. எனக்குத் தெரியாதா?"

பதில் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. எழுந்தேன்.

"நான் யார்கிட்டயும் சொல்லலண்ணே. சொல்லவும் மாட்டேன். சொல்றதா இருந்தா நீங்க சொல்லுங்க."

பஸ் வர முக்கால் மணி நேரம். நின்றுகொண்டிருந்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

மேல்முறையீட்டில் இப்படி எழுதலாம்: நான் என் குதிரைக்குத்தான் சீட்டி அடித்தேன், வழக்கம்போல. பக்கத்துக் குதிரை அதைக் கேட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

நல்ல வாதம்.

பிப்ரவரி 11, புதன்

காலை கொள்ளுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் புதுசுக்குச் சீட்டி அடித்துப் பார்த்தேன். மூன்று தடவை. அது ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

கோமதி துணி காயப்போட்டுக்கொண்டே, "அதுக்கு என்னைக்குச் சீட்டி அடிச்சீங்க, திரும்புறதுக்கு?" என்றாள். "ஏய்னுதானே கூப்பிடுவீங்க. சின்னத வித்த அன்னையோட சீட்டியே போச்சு."

பிப்ரவரி 15, ஞாயிறு

அரசமேடு பந்தயம். போகவில்லை. சத்தம் ஆற்றைத் தாண்டி வந்தது. "வையாபுரி அண்ணன்" வரை கேட்டது. அதற்கப்புறம் கதவைச் சாத்தினேன்.

கோமதி வந்து கதவைத் திறந்தாள். "உள்ள புழுங்குது" என்றாள்.

பிப்ரவரி 18, புதன்

சங்கத்தின் விதிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பதினாறு பக்கம், முப்பது பிழை. விதி 14: கவனக்குறைவாக ஓட்டிப் பிற வண்டிக்குச் சேதம் விளைவித்தால் மூன்று மாதம். விதி 15: வேண்டுமென்றே பிற வண்டியைத் தடுத்தால் அல்லது பிற குதிரையைத் திசை திருப்பினால் ஆயுள் முழுவதும். இரண்டும் ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக.

விதி 15-இன்படி இதுவரை யாரையும் தண்டித்ததில்லை. அதற்குத் தெரிந்து ஓட்டுகிறவன் வேண்டும். இங்கே பாதிப் பேருக்குத் தன் குதிரையையே திருப்பத் தெரியாது.

பிப்ரவரி 22, ஞாயிறு

குதிரை நடை ஐந்து கிலோமீட்டர். பின் இடது காலை லேசாகத் தூக்கி வைக்கிறது. மஞ்சள் பற்று.

இதை எழுதிவைக்கிறேன். நம் பந்தயத்தில் குதிரை நடையில்தான் ஓட வேண்டும். நாலுகால் பாய்ச்சலில் இறங்கினால் இழுத்துப் பின்னுக்குப் போக வேண்டும்; அதற்குள் நான்கு வண்டி தாண்டிவிடும். சின்னது ஒவ்வொரு பந்தயத்திலும் மூன்றாவது கிலோமீட்டரில் பாய்ச்சலில் இறங்கும். நான்கு வருடம் பார்த்தேன். "இது நடைக்கு வராது, கல்யாண ஊர்வலத்துக்குத்தான் ஆகும்" என்று செங்கோடன் மில்லில் பத்துப் பேர் முன்னால் சொன்னேன். குதிரை வண்டிக்கே புதியவனான லோடு வண்டிக்காரன் ஒருவன் கேட்டான், கொடுத்துவிட்டேன். எல்லோரும் சிரித்தோம்.

அவன் கடிவாளக் கம்பியை மாற்றினான். அவ்வளவுதான். இரும்பை எடுத்துவிட்டு ரப்பர் சுற்றிய கம்பி போட்டான். இரண்டு வருடத்தில் பதினோரு கோப்பை. ஒருமுறைகூடப் பாய்ச்சலில் இறங்கவில்லை. வாய் வலித்திருக்கிறது அதற்கு, நான்கு வருடமாக. நான் அதன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனு முடிந்தது. ஒரே வரி. "என் மீது சாட்டப்பட்ட கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டை ஏற்கவில்லை, நேரில் விளக்க அனுமதி வேண்டும்."

மார்ச் 1, ஞாயிறு

அதே மில். செங்கோடன், ஆரோக்கியம், குணசீலன், நான். துணைத் தலைவர் வரவில்லை, வித்தியாசம் தெரியவில்லை.

"இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. எதுக்கு இந்த மேல்முறையீடு?" என்றார் செங்கோடன். "கம்முனு இருந்திருந்தா முடிஞ்சிருக்கும்."

"கம்முனு இருக்கலாம். மைக்கு இருக்க மாட்டேங்குதே."

"மணிமாறன் வெளையாட்டுக்குப் பேசுறான். நான் சொல்லிர்றேன்."

"அவன ஒண்ணும் சொல்ல வேணாம். நீங்க எழுதிக் குடுத்தத அவன் வாசிக்கிறான். எழுதுனது தப்பு."

ஆரோக்கியம் பேனாவைத் திறந்தார். "சரி, உங்க தரப்பச் சொல்லுங்க."

சொன்னேன். அவர் எழுத வசதியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "அந்தக் குதிரை நாலு வருசம் எங்கிட்ட இருந்துச்சு. சீட்டிக்குத் திரும்பும். எனக்குத் தெரியும். அன்னைக்கு அது எனக்கு அரை வண்டி முன்னால போச்சு. வளைவு தாண்டி ரோடு நேராகுற எடம் வரைக்கும் பொறுத்தேன். காத்து எம் பக்கமிருந்து அது பக்கம் அடிச்சுது. அப்பத்தான் சீட்டி அடிச்சேன். ஒரே ஒரு தடவ. இதுல எங்க இருக்கு கவனக்குறைவு?"

பேனா முதல் வரியிலேயே நின்றுவிட்டிருந்தது.

செங்கோடன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். மூட்டை தூக்குகிறவர்கள் வெளியே இருந்தார்கள்.

"ஏன்யா?" என்றார். அவ்வளவுதான் அவருக்கு வந்தது.

"தல மட்டும் திரும்பும், நடை கெட்டுப் பாய்ச்சல்ல எறங்கும், அவன் இழுத்துப் பின்னால போவான்னு நெனச்சேன். வண்டியோட வரும்னு நெனைக்கல."

ஆரோக்கியம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அந்த எடத்துல கவனக்குறைவுதானே?"

முப்பது வருடம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய ஆள். இன்று ஒரு கேள்வி சரியாகக் கேட்டுவிட்டார்.

குணசீலன் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விதி 15" என்றேன். "அதுல எழுதுங்க."

"அதுல எழுதுனா என்னாகும் தெரியுமா?" செங்கோடனுக்குக் குரல் திரும்பிவிட்டது. "வேணும்னே ஒருத்தன் கைய ஒடச்சான்னு சங்கமே எழுதிக் குடுத்தா போலீசு சும்மா இருக்குமா? அடுத்த பந்தயத்துக்கு அனுமதி கேட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கலெக்டர் ஆபீசுக்குப் போறது? ஒரு ஆளுக்காக நாப்பது குதிர கொட்டாயில நிக்கணுமா? மாஸ்டர், அந்தத் தாளக் கிழிங்க."

கிழித்தார். நான்காக மடித்துக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதில் மட்டும் கவனம்.

பிறகு இருவரும் மூலையில் போய்ப் பேசினார்கள். அரிசி மில்லில் மூலை என்பது நான்கு அடி, எல்லாம் கேட்டது. தடையை நீட்டித்தால் நான் வெளியே போய்ப் பேசுவேன். பேசாமலிருக்க ஒரே வழி, நான் மனுவில் கேட்டதைக் கொடுத்துவிடுவது. இது அவர்கள் கணக்கு.

ஆரோக்கியம் புதுத் தாளில் வாசித்தார்: "மேல்முறையீட்டாளரின் நீண்ட அனுபவத்தைக் கருத்தில் கொண்டும், போதிய சாட்சியம் இல்லாத காரணத்தாலும், கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டு நீக்கப்படுகிறது. தடை இன்றுடன் ரத்து."

"தம்பி, உனக்கும் குதிர ஓடணும்ல?" என்றார் செங்கோடன் குணசீலனிடம். "ஓடணும்னா சங்கம் இருக்கணும்."

"அப்ப நான் போலாமா?" என்றான் அவன்.

சுவரிலிருந்து என் சாட்டையைச் செங்கோடன் தானே எடுத்துக் கொடுத்தார். வாங்கினேன்.

வாங்காமல் வந்திருக்கலாம். அதை இங்கே எழுதிவைக்கிறேன். கை நீண்டது, வாங்கினேன்.

வாசலில் குணசீலன் பஸ்ஸுக்கு நின்றிருந்தான். "குடுத்துட்டாங்களா?" என்றான்.

"குடுத்துட்டாங்க."

"சரிண்ணே" என்றான். அவன் ஏதாவது திட்டுவான் என்று சற்று நேரம் நின்றேன். பஸ் வந்தது, இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினான்.

மார்ச் 2, திங்கள்

கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தத் தம்பிகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?" என்றாள். மேல்முறையீட்டில் அப்படி ஒரு பகுதி இல்லை என்றேன். சாப்பிடக் கூப்பிடாமல் தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 5, வியாழன்

பின் இடது கால் சரியாகிவிட்டது. வண்டியில் பூட்டி நான்கு கிலோமீட்டர். சக்கரத்துக்குப் புதுக் கம்பி மூன்று.

மார்ச் 8, ஞாயிறு

வேலூர்க்கரை பந்தயம். நடுக்குதிரை, எட்டு கிலோமீட்டர், பதினான்கு வண்டிகள்.

மணிமாறன் பட்டியல் வாசித்தான். சின்னையன், தர்மலிங்கம். பிறகு, "குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்று மீண்டும் களம் காணும் முசிறி வையாபுரி அண்ணன்! கை தட்டுங்க!" பார்க்க வந்தவர்கள் தட்டினார்கள். வண்டிக்காரர்கள் தட்டவில்லை. மில்லில் நாங்கள் நான்கு பேர்தான் இருந்தோம். யார் வாய் திறந்தார்கள் என்று தெரியாது. அன்று கதவுக்கு வெளியே மூட்டை தூக்குகிறவர்கள் இருந்ததைச் செங்கோடன் நினைத்தார், ஜன்னலை நினைக்கவில்லை.

சீட்டுக் குலுக்கியதில் எனக்கு ஏழாவது இடம். வலப்பக்கம் எட்டில் குணசீலனின் குதிரை. அவன் மச்சான் கடிவாளம் பிடித்திருந்தான். குணசீலன் கீழே நின்று கழுத்துவாரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

கொடிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவன் சட்டைப்பையிலிருந்து பஞ்சை எடுத்தான். வலது கையால் குதிரையின் தலையை அணைத்துக்கொண்டு, இடது கையால் அதன் காதில் வைத்தான். பழகாத கை. ஒருமுறை கீழே விழுந்தது. எடுத்து ஊதிவிட்டு மறுபடி வைத்தான். பிறகு சுற்றிப் போய் மற்ற காதில். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆறாவது இடத்துக்காரன் அதைப் பார்த்தான். "தம்பி, பஞ்சு மிச்சம் இருக்கா?" என்றான். குணசீலன் கிள்ளிக் கொடுத்தான். ஒன்பதாவது வண்டிக்காரன் தன் தலைத்துண்டின் ஓரத்தைக் கிழித்தான். பத்தாவது, ஐந்தாவது, நான்காவது, கடைசியில் என்னைத் தவிர எல்லோரும். அந்தக் குதிரைகளில் ஒன்றுகூட என்னிடம் இருந்ததில்லை. என் சீட்டி எதற்கும் தெரியாது. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். நான் வாயைத் திறந்ததும் ஆறாவது வண்டிக்காரன் தன் குதிரையை ஓரடி அந்தப் பக்கம் தள்ளி நிறுத்தினான்.

வாயை மூடிக்கொண்டேன்.

கொடி இறங்கியது. கூடவே வெடி வெடித்தது, அந்தச் சத்தத்துக்குத்தான் குதிரைகள் கிளம்பிப் பழக்கம். காது அடைத்த பதிமூன்றும் ஒரு கணம் தாமதமாகக் கிளம்பின. என்னுடையது முதல் அடியிலேயே முன்னால். எல்கையில் முதலாவது. திரும்பும்போதும் முதலாவது. பாய்ச்சலில் இறங்கவில்லை. மூச்சு சீராக இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் எந்தக் குதிரையும் எனக்கு இவ்வளவு சுத்தமாக ஓடியதில்லை.

ஐந்தாவது கிலோமீட்டரில் மெதுவாகப் பிடித்துப் பார்த்தேன். பின்னால் வந்தவர்களும் மெதுவாகப் பிடித்தார்கள். ரோட்டின் ஓரத்துக்கு ஒதுங்கி வழி விட்டேன். யாரும் ஏறி வரவில்லை.

முதல் பரிசு. சுழற்கோப்பையை வாங்கி வண்டியில் வைத்தேன். வரும் வழியில் குணசீலன் குதிரையின் காதிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தான். வண்டியை நிறுத்தினேன். "தம்பி" என்றேன். அவன் கையைக் காட்டி, போங்க என்பதுபோல ஒதுங்கி வழி விட்டான்.

குதிரைக்குக் காலில் சூடு இல்லை. கொள்ளு முழுவதும் தின்றது. போக நான்கு, வர நான்கு. எட்டு கிலோமீட்டரில் ஓர் இடத்தில்கூட என் சக்கரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சக்கரம் இல்லை.